விளம்பரம் எழுதினால் ஐந்து மதிப்பெண். விளம்பரத்தைப் படிக்க யார் சொல்லித் தருவது?



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பாடம் எடுத்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டாள் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. பொறுமையாகப் படியுங்கள்.

லண்டனில் இருக்கும் என் அண்ணன் பேத்தி பத்தாம் வகுப்பு அளவிலான படிப்பில் 'மீடியா ஸ்டடீஸ்' என்ற பாடத்தை எடுத்திருக்கிறாள். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி வந்ததும் ஒரே கேலி. "சினிமா போஸ்டர் பார்க்கிறதுக்கு ஒரு பாடமா? நம்ம ஊர்ல டீக்கடை சுவத்துல பார்த்துக்கிறோமே" என்று என் சின்னத் தம்பி எழுத, அதற்குச் சிரிப்புப் படங்கள் பதினேழு. எண்ணினேன்.

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் பதிலை அங்கே இரண்டு வரியில் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். டீக்கடைச் சுவரில் நாம் போஸ்டரைப் பார்க்கிறோம், படிப்பதில்லை. என் வாதமே இவ்வளவுதான்.

முதலில் அந்தப் பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ள ஒரு தேர்வு வாரியம் இந்தப் பாடத்துக்கு வைத்திருந்த விளம்பரங்களில் ஒன்று, 1956இல் வந்த 'குவாலிட்டி ஸ்ட்ரீட்' மிட்டாய் விளம்பரம். நடுவில் ஓர் ஆண், கையில் மிட்டாய் டப்பா, இரு பக்கமும் இரண்டு பெண்கள். இதில் படிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? இங்கிலாந்தில் போர்க்காலத்தில் மிட்டாய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன். அது நீங்கியது 1953இல்தான். மூன்று வருடம் கழித்து வரும் விளம்பரத்தில் ஏன் எங்கு பார்த்தாலும் தங்க நிறம்? பெண்கள் உடுத்திய கவுனுக்கும் மிட்டாய்த் தாளுக்கும் ஏன் ஒரே வண்ணம்? டப்பா ஏன் ஆண் கையில் இருக்கிறது, பெண் கையில் இல்லை? அதன் பக்கத்திலேயே 2015இல் வந்த, பெண்களை விளையாட அழைக்கும் ஒரு விளம்பரத்தை வைத்து, அறுபது வருடத்தில் என்ன மாறியது என்று எழுதச் சொல்கிறார்கள்.

சினிமாவுக்கு இரண்டு ஜேம்ஸ் பாண்ட் போஸ்டர்கள். ஒன்று 1974ஆம் வருடப் படத்துக்கு, இன்னொன்று 2021ஆம் வருடப் படத்துக்கு. யார் நடுவில், யார் ஓரத்தில், துப்பாக்கி யார் கையில், பெண்கள் எதற்காக அங்கே நிற்கிறார்கள் என்று கேள்விகள். தேர்வில் முன்பின் பார்க்காத வேறொன்றைக் கொடுத்து, படித்ததோடு ஒப்பிடச் சொல்வார்களாம். நோட்ஸை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. இதையா கேலி செய்தோம்?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ஒரு கேள்வி உண்டு. படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சில குறிப்புகளைக் கொடுத்து, கவர்ச்சியான விளம்பரம் ஒன்று தயார் செய்க என்பார்கள். ஐந்து மதிப்பெண். பிள்ளைகள் ஸ்கேலை வைத்து ஒரு கட்டம் போடுவார்கள். நடுவில் கடைப் பெயர், மூலையில் நட்சத்திரம், அதற்குள் 'ஆடித் தள்ளுபடி', 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்', 'முந்துங்கள்'. முழு மதிப்பெண்.

யோசித்துப் பாருங்கள். பத்து வருடம் பள்ளியில் இருந்த பிள்ளைக்கு அடுத்தவரைக் கவர்வதற்குக் கற்றுக்கொடுத்து மதிப்பெண்ணும் போடுகிறோம். அதே விளம்பரம் அவனைக் கவர வரும்போது என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லித் தருவதில்லை. தூண்டில் கட்டப் பழக்குகிறோம், முள் எங்கே இருக்கிறது என்று காட்டுவதில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர், பெயர் வேண்டாம், இரண்டு வருடம் முன்பு மனைவியின் நகையை அடகு வைத்து மகளை நீட் பயிற்சி மையம் ஒன்றில் சேர்த்தார். 1,20,000 ரூபாய். ஏன் அந்த மையம் என்று கேட்டேன். "டீச்சர், பஸ் ஸ்டாண்ட்ல பெரிய ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்க, நாப்பது பிள்ளைங்க போட்டோ" என்றார். சேர்த்த பிறகுதான் தெரிந்தது, அந்த நாற்பதில் பல பிள்ளைகள் அங்கே வகுப்புக்கே போனதில்லை. மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவர்கள். மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. நகை இன்னும் மீளவில்லை.

இவர் முட்டாள் இல்லை. நூறு ரூபாய்க் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிற மனிதர். ஃப்ளெக்ஸைப் புரட்டிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பொருளைப் புகழ்ந்து பேசும் பிரபலத்துக்கும் தடை போடலாம். 2022இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், பொடி எழுத்தில் போடும் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' வகையறாக்களையும் கட்டுப்படுத்துகின்றன. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே நிபந்தனையும் இருக்க வேண்டும். மேலே பெரிதாகச் சொன்னதைக் கீழே பொடியாக மறுக்கக் கூடாது. 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கென்றே தனி நெறிமுறை வந்தது. வென்ற மாணவரின் படத்தைப் போட்டால் அவர் அங்கே எந்தப் படிப்பை, எத்தனை காலம், பணம் கட்டிப் படித்தாரா என்பதையும் போட வேண்டும். வெற்றி பெற்ற பிறகு அவரிடம் எழுத்தில் சம்மதமும் வாங்க வேண்டும். புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது.

அதே 2024 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. போர்ன்விட்டா முதலான பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொன்னது. நம் உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது என்பதுதான் காரணம். எத்தனை தாய்மார்கள் எத்தனை வருடம் அந்தச் சொல்லுக்குக் காசு கொடுத்திருப்போம்!

சரி, சினிமா. எனக்கும் சினிமா பிடிக்கும். அதை யாரும் வெறுக்கச் சொல்லவில்லை. ஆனால் இன்று ஒரு படம் வருவதற்கு முன் எத்தனை படி பாருங்கள். தலைப்பு அறிவிப்பு, ஃபர்ஸ்ட் லுக், முதல் பாட்டு, டீசர், இசை வெளியீட்டு விழா, டிரெய்லர், பிறகு ஊர் ஊராகப் பேட்டி. ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தி போல வருகிறது. ஆனால் அவை ஒரே விளம்பரத்தின் துண்டுகள். பண்டிகை நாளில் நட்சத்திரம் டிவியில் சிரித்துப் பேசுவதை நிகழ்ச்சி என்று நினைத்துப் பார்க்கிறோம். அது விளம்பர இடைவேளைக்கு நடுவே வரும் இன்னொரு விளம்பரம். படம் வந்த மறுநாளே 'மாபெரும் வெற்றி' என்று போஸ்டர். வெற்றி என்று யார் சொன்னது? வசூலை எண்ணியது யார்? போஸ்டர் ஒட்டியவரேதான்.

உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைச் சொல்கிறேன். மகாராஷ்டிராவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் முன்னோட்டத்தில் வந்த பாட்டைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனார். படத்தில் அந்தப் பாட்டே இல்லை. நுகர்வோர் ஆணையம் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் கொடுக்கச் சொன்னது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னோட்டம் என்பது டிக்கெட் வாங்கத் தூண்டுவது மட்டுமே, அது வாக்குறுதியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. டிரெய்லர் வாக்குறுதி இல்லை என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொன்ன பிறகு, அதை வாக்குறுதியாக நம்பும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வது? பள்ளிக்கூடம்தானே?

எதிர்ப்புகள் எனக்குத் தெரியும்.

"ஏற்கெனவே பாடச் சுமை." புதுப் பாடம் வேண்டாம். அந்த ஐந்து மதிப்பெண் கேள்வியையே மாற்றுங்கள். விளம்பரத்தை எழுதச் சொல்வதற்குப் பதில், ஒரு விளம்பரத்தை அச்சிட்டுக் கொடுத்து நான்கு கேள்வி கேளுங்கள். வருடத்துக்கு ஆறு பீரியட் போதும்.

"ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லை." நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த இடைநிலை ஆசிரியை. பெரிய பட்டம் எதுவும் இல்லாமலே சொல்கிறேன், இதற்கான கருவி நம் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. சங்கப் பாட்டு நடத்தும்போது முதலில் என்ன கேட்போம்? யார் கூற்று? யாரிடம் சொல்வது? எந்தச் சூழலில்? அதே கேள்வியை விளம்பரத்திடம் கேளுங்கள். உயர்வு நவிற்சி அணிக்குப் பழைய செய்யுளில் உதாரணம் தேடுகிறோம். எண்ணெய் விளம்பரத்தை எடுங்கள், சோப்பு விளம்பரத்தை எடுங்கள், அணி வழிந்து ஓடும். கவிதையில் வந்தால் அது அழகு என்றும், கடையில் வந்தால் அதற்கு விலை உண்டு என்றும் பிள்ளைக்குப் புரியும்.

"பிள்ளைகளுக்குச் சினிமாப் பைத்தியம் முற்றிவிடும்." நேர்மாறு. மந்திரவாதி முட்டையை எங்கே ஒளித்தான் என்று தெரிந்த பிள்ளை வித்தையை ரசிப்பான், ஆனால் வீட்டை எழுதிக் கொடுக்க மாட்டான்.

பக்கத்து கேரளத்தில், கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் 2018லேயே போலிச் செய்தியை அடையாளம் காணப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர். நாளைக்கு மாலை வீட்டில் ஒரு விளம்பரம் வரும்போது பிள்ளையிடம் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. இதற்குக் காசு கொடுத்தது யார்?
2. யாரைப் பார்த்துப் பேசுகிறது? அம்மாவையா, உன்னையா?
3. எந்த உணர்ச்சியைத் தொடுகிறது? ஆசையா, பயமா, வெட்கமா?
4. சொன்னதற்கு ஆதாரம் காட்டியதா, ஆளை மட்டும் காட்டியதா?
5. எதைச் சொல்லாமல் விட்டது?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். பேருந்து நிலையத்து ஃப்ளெக்ஸில் நாற்பது பேர் படம் இருந்தது. அங்கே பணம் கட்டிப் படித்தும் இடம் கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த எண் எங்கே?

என் பழைய மாணவர்களில் பள்ளியில் வேலை பார்ப்பவர்கள், பாடநூல் குழுவில் யாரையாவது தெரிந்தவர்கள், இதை அவர்களிடம் கொண்டு சேருங்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். வாழ்த்துப் படம் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தம்பி, நீ போட்ட சிரிப்புப் படத்தை எடுக்க வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு "நல்லா படிம்மா" என்று ஒரு வரி எழுதிவிடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்