தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?

காரிமங்கலம் பேருந்து நிலையத்தில் இந்த வாரம் ஒருவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே டயாலிசிஸ் ஊசித் தழும்புகள். பக்கத்தில் நின்ற சொந்தக்காரப் பையன், "தண்ணிய கொறைச்சுக்கோங்க மாமான்னு சொன்னா கேக்கறீங்களா?" என்றான். பத்திக்காரருக்குச் சுருக்கென்றது.

பையன் சொன்னதில் தப்பில்லை. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் தேங்கி நுரையீரலில் கோத்துக்கொள்ளும். ஆனால் டயாலிசிஸோடு புற்றுநோயும் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். கால் ரத்தக்குழாயில் உறைந்த கட்டி கழன்று நுரையீரல் குழாயை அடைத்தாலும் இதே மூச்சுத்திணறல்தான். புற்றுநோய்க்கும் ரத்த உறைவுக்கும் உள்ள உறவை பாரிஸ் மருத்துவர் ட்ரூஸோ 1865-லேயே சொன்னார். தன் உடம்பிலேயே அந்த உறைவைக் கண்டு, 1867-ல் புற்றுநோயால் இறந்தார். சிகிச்சையும் கயிற்றில் நடப்பதுதான். சிறுநீரகம் கெட்டவருக்கு ரத்தம் எளிதில் உறையும், எளிதில் கசியவும் செய்யும். உறைவைத் தடுக்கும் ஊசிகளில் சில சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டியவை. இவர்கள் உடம்பில் அவை தங்கிவிடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

நோயாளி குடிப்பதை டம்ளர் டம்ளராக எண்ணுகிறோம். மெஷின் குடிப்பதை யார் எண்ணுகிறார்கள்? நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அத்தனையும் மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம், ரத்தத்தை ஒட்டியே ஓடுகிறது. காரிமங்கலம் இருக்கும் தருமபுரி மாவட்டத்து போர் தண்ணீரின் குணம் ஊரறிந்தது: ஃப்ளோரைடு. பல்லில் காவி ஏற்றும், எலும்பை வளைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இதற்காகத்தான். காவிரி வராத நாளில் மறுபடி போர்தான்.

குடிக்க லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம், டயாலிசிஸுக்கு 0.2-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால்? 1993 ஜூலையில் சிகாகோவின் ஒரு பல்கலைக்கழக டயாலிசிஸ் மையத்தில் சுத்திகரிப்புச் சாதனம் சக்தி தீர்ந்து, அதுவரை பிடித்து வைத்த ஃப்ளோரைடைத் திரும்பத் தண்ணீரிலேயே கக்கியது. 12 பேர் சுருண்டார்கள், 3 பேர் இறந்தார்கள். அங்கே தப்பு ஊர்த் தண்ணீர் மேல் இல்லை, ஒழுங்காகப் பார்க்காத சாதனத்தின் மேல்.

குளோரினை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் அங்கேயே பார்த்துவிடலாம். ஃப்ளோரைடு உள்ளிட்ட முழுப் பரிசோதனைக்கு சாம்பிள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்; வருஷத்துக்கு ஒரு தடவையாவது என்பது உலக வழக்கம். காரிமங்கலம் பக்கத்துத் தண்ணீருக்கு அந்த ஒரு தடவை பத்தவே பத்தாது என்பது பத்திக்காரரின் கட்சி.