ஒன்றைக் கூட்ட மறந்த கணக்கு

எங்கள் மத்திகிரிப் பக்கம் தோட்டத்து வேலிக்குக் கருங்கல் கால்கள் நடுவதுண்டு. பத்து இடைவெளிக்குப் பத்துக் கல் போதுமென்று வாங்கி வந்தால் கடைசியில் ஒன்று குறையும். இதே பிசகு கணிப்பொறிக்குள்ளும் நேர்கிறது என்பதை, பெங்களூரில் பணிபுரியும் என் பழைய மாணவர் லினக்ஸ் கெர்னல் திருத்தம் ஒன்றை விளக்கியபோதுதான் அறிந்தேன்.

கணிப்பொறியின் பாகங்கள் செய்தி பரிமாறும் தடத்துக்கு 'பஸ்' என்று பெயர். (கலைச்சொல்லாளர்கள் 'பாட்டை' என்றார்கள். நல்ல சொல், நாம்தான் எடுத்தாளவில்லை.) பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையில் பஸ் எண்கள் 0 முதல் 255 வரை. கழித்தால் 255, இருப்பவையோ 256. அந்த ஒன்றைக் கூட்டாவிட்டால் கடைசி பஸ்ஸுக்குரிய 1 மெகாபைட் முகவரிப் பரப்பு விடுபட்டுப்போகும். அங்கே கருவி எதுவும் இல்லாதவரை பிழை வெளியே தெரியாது.

திருத்தம் என்னவோ 'கூட்டல் ஒன்று' மட்டுமே. ஆனால் மதிப்பிடுபவர் அந்த வரியோடு நிற்க முடியாது. வேறிடத்தில் ஏற்கெனவே ஒன்று கூட்டப்பட்டிருந்தால் இத்திருத்தமே புதுப் பிழையாகிவிடும். முன்னும் பின்னும் படித்த பிறகே அவர் தம் பெயரை இடுகிறார். அப்பெயர் எழுதியவர் பெயருடன் நிலையாகப் பதிவாகிறது. பிழையே இராது என்று அவர் உறுதி தருவதில்லை. படித்தேன், கண்ட குறைகளைச் சொன்னேன் என்பதற்கே பொறுப்பேற்கிறார்.

தமிழுக்கு இது புதிதன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் தொல்காப்பியத்தைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டாசான் என்று பனம்பாரனாரின் பாயிரம் பெயர்சுட்டிச் சொல்கிறது. நூலாசிரியர் பெயர் வாழும் வரை ஆராய்ந்தவர் பெயரும் வாழ்கிறது. இன்றைய நம் ஆய்விதழ்கள் பலவற்றில் மதிப்பீட்டுக்குழு அட்டையின் உட்பக்கத்தை அலங்கரிக்கிறது. எந்தக் கட்டுரையை யார் படித்தார் என்பது அச்சாவதில்லை. மறைவாக மதிப்பிட்டால்தான் நடுநிலை இருக்கும் என்பார்கள். படிக்காமலே ஒப்பமிடவும் அந்த மறைவு உதவுகிறதே!

பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. முன்பொரு கட்டுரையில் '31 முதல் 40 வரையுள்ள ஒன்பது பாடல்கள்' என்று எழுதியவன் நான். மதிப்பீட்டாளர் இருவர் ஒப்புதலோடு அது அச்சேறியது. என் மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டில் அதை அப்படியே எடுத்தாண்டிருக்கிறாள். வாய்மொழித் தேர்விலும் எவரும் கேட்கவில்லை. திருத்தம் வெளியிடுமாறு இதழாசிரியருக்கு இப்போது எழுதியிருக்கிறேன். அதைச் சரிபார்ப்பவர் யாராயினும் அவர் பெயரையும் கீழே போடும்படி கேட்டிருக்கிறேன்.