குழாயை அடைப்பதா வாடகை வசூல்?

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுச் சொந்தக்காரர் பிரான்சில் இருக்க, வாடகை வசூலுக்கு இங்கே ஒருவரை வைத்திருப்பது சகஜம். நாங்கள் குடியிருக்கும் வீடும் அப்படித்தான். ஐந்தாம் தேதிக்குள் தவறாமல் கொடுத்து விடுவோம். போன மாசம் என் கணவருக்குச் சம்பளம் தாமதமாகி, பத்து நாள் தள்ளிப் போய்விட்டது.

வசூல்காரர், "முடியலைன்னா காலி பண்ணும்மா" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார். மறுநாள் மோட்டார் ரூமையே பூட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் பக்கத்து வீட்டில் குடம் குடமாகச் சுமந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்ப நான் பட்ட பாடு!

பழைய அக்ரிமெண்டில் நம்பர் தேடி, சொந்தக்கார அம்மாவிடம் பேசினால், "அதுக்கு முந்தின ரெண்டு மாசமும் நீங்க வாடகையே தரலைன்னுல்ல சொன்னாரு!" என்கிறார். தூக்கி வாரிப் போட்டது. ரசீது கேட்டு வாங்காதது எங்கள் தப்பு.

2021-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டப்படி, இப்படி ஆள் வைத்தால் அவர் யார், என்ன அதிகாரம் என்று குடித்தனக்காரருக்குச் சொல்ல வேண்டும். அவர் ரசீது தர வேண்டும். பாக்கி என்றால் நோட்டீஸ் தரலாமே தவிர, தண்ணீர், கரண்ட்டை நிறுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் 2019-லிருந்து அமலில் உள்ள சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. ஆனால் மாதிரிச் சட்டம் அந்தந்த மாநிலம் ஏற்றால்தான் செல்லுமாம்!

ஆறு மாசம் பாக்கி வைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிறவர்களும் உண்டுதான். அதற்காகக் குழாயை அடைப்பதா?

இப்போது வாடகையை அந்த அம்மாவின் பேங்க் கணக்கிலேயே போட்டு விடுகிறோம். மோட்டார் ரூம் சாவி மட்டும் இன்னமும் அவரிடம்தான்.

- ஒரு வாசகி, நோணாங்குப்பம், புதுச்சேரி.