படம் படிக்கத் தெரியுமா?

இராசபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணில் படும்வரை, சாலையின் இருபுறமும் நம்மை நோக்கிப் புன்னகைக்கும் முகங்களை எண்ணிப் பாருங்கள். தலைவர்கள், நகைக்கடை அழகிகள், முதல் மதிப்பெண் பெற்ற மாணவர்கள். ஒவ்வொரு படமும் நம்மிடம் ஏதோ கேட்கிறது. என்ன கேட்கிறது என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, நாம் கற்பிக்கவில்லை. ஓவிய வகுப்பென்றால் மயிலையும் தாமரையையும் பார்த்து வரைவது. தேர்வு நெருங்கினால் அதையும் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார்.

தமிழக அரசின் இலச்சினையையே எடுத்துக்கொள்வோம். வரைந்தவர் ஆர். கிருஷ்ணராவ். அதிலுள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமென்பாரும், மதுரை மேலைக் கோபுரமென்பாரும் உளர். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். சிங்கத் தூணுக்குப் பின்னே கோபுரத்தை நிறுத்தியது ஏன்? பன்னூறு ஆண்டுப் பக்தி, புதிய அரசின் ஆணைக்கு எப்படிக் கடனாகக் கிடைக்கிறது? இதை ஒன்பதாம் வகுப்பு மாணவன் கேட்கட்டும். அடுத்து, அருகிலுள்ள சிவகாசியில் அச்சான நாட்காட்டி: மேலே திரு இருதய ஆண்டவர், கீழே கடையின் பெயர். நாம் யாரைப் பார்த்துக் கைகூப்புகிறோம்?

'ஆராயப் பழகிய பிள்ளை நாளை பீடத்துச் சுரூபத்தையும் ஆராயுமே!' என அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. ஆராயட்டுமே. சுமார் 600ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பெரிய கிரகோரியார், எழுத்தறியாதார் படங்களைப் பார்த்துப் படிக்கலாமென்று மார்செய் ஆயருக்கு எழுதினார். 'பிரச்சாரம்' என்று நாம் சொல்வதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'புரொப்பகண்டா' என்ற சொல்லும், 1622இல் உரோமையில் தோன்றிய மறைபரப்புப் பேராயத்தின் பெயரிலிருந்து பிறந்ததே. படத்தின் வலிமையை இத்தனை நூற்றாண்டு கையாண்ட நாமே, அதைப் படிக்கக் கற்றுத்தர மறுப்பது என்ன நியாயம்?

அரசியலாரை மட்டும் சாடினால் அது கோழைத்தனம். நம் பங்கின் திருவிழாவுக்கும் பிளக்ஸ் பலகை வைத்தார்கள். மறைக்கல்வி மாணவன் ஒருவன் அதை அண்ணாந்து பார்த்து, "சாமி, புனிதரைவிட நீங்க பெருசா இருக்கீங்களே" என்றான். நமக்கு நாணமாயிற்று. ஆனாலும் அவனை அத்துடன் விடவில்லை. ஏன் அப்படி வைத்தார்கள், யாரை மகிழ்விக்க, யார் பணத்தில் என்று கேட்டோம். அவன் பதில் சொல்லாமல், பலகையின் அடிவரிசையிலிருந்த நன்கொடையாளர் முகங்களை விரல்நீட்டி எண்ணத் தொடங்கினான்.