கூட்டாளியும் இரண்டு நிமிடமும்

வியாபாரப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டத்தைப் பற்றி எழுதுகின்றாரே, இவருக்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுமையாக வாசியுங்கள். மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாதையில் ஒரு சைக்கிள் எனக்குச் சொல்லித் தந்ததைப் பத்து வருடங்கள் கடை நடத்தியும் நான் படித்திருக்கவில்லை.

நம்மவர் பேச்சில் 'கூட்டாளி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. சிநேகிதனும் கூட்டாளிதான், வியாபாரத்தில் பங்கு போட்டவனும் கூட்டாளிதான். எனக்கு இரண்டுமாக இருந்தவர் ஒருவர். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். 2012ஆம் ஆண்டு ஹட்டனில் இருவரும் சேர்ந்து ஒரு ஹாட்வெயார் கடை திறந்தோம். முதல் இருவருடையது, லாபத்தில் பாதிப் பாதி. பேச்சு அவ்வளவுதான். எழுத்து எதுவும் இல்லை.

2022ஆம் ஆண்டு நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் காத்துக் கிடந்தோம். ஜூலை மாதத்தில் கியூஆர் முறை வந்த பின்னர்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம். அந்த நாட்களில்தான் ஊரில் பலர் சைக்கிளுக்கு மாறினார்கள். நாங்களும் பழைய மலைச் சைக்கிள் இரண்டு வாங்கினோம். கடைக்குப் போக வர என்று தொடங்கியது, பின்னர் வெள்ளிக்கிழமை மாலைகளில் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவதாக வளர்ந்தது.

மலையகத்துக்கு இந்த விளையாட்டு புதியதல்ல. நேபாளத்தில் 'யாக் அட்டாக்' என்ற கடுமையான மலைச் சைக்கிள் போட்டியை நடத்தியவர்கள் 2014ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்து, 'ரம்பிள் இன் தி ஜங்கிள்' என்ற பெயரில் பல நாள் போட்டி ஒன்றை ஆரம்பித்தார்கள். இப்போது ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட 'பெக்கோ ட்ரெயில்' 22 பகுதிகளாக அமைக்கப்பட்டுள்ளது. வெள்ளைக்காரன் கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் ஏற்றுவதற்காக வெட்டிய பாதையில் இன்று உல்லாசப் பயணிகள் நடக்கின்றார்கள்.

எங்கள் போட்டி அவ்வளவு பெரியதல்ல. 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஊர்ச் சிநேகிதர்கள் எட்டுப் பேர் நான்கு சோடிகளாகப் பிரிந்தோம். முதல் நாள் ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியா. முடிந்த இடமெல்லாம் பெரிய வீதியை விட்டுத் தோட்டப் பாதையால் போக வேண்டும். அடுத்த நாள் திரும்பி வர வேண்டும். போக வர நூறு கிலோமீற்றருக்கு மேல். இருவரும் வந்து சேர்ந்த பிறகுதான் சோடியின் நேரம் கணக்கு. கடைசியாக வரும் சோடி எல்லோருக்கும் பகல் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

சாமான்களை இருவருக்கும் பிரித்துக்கொண்டோம். பம்பும் டியூபும் என் பையில். செயின் கழற்றும் ஆயுதம் அவருடைய பையில். பாரம் பாதியாகும் என்ற கணக்கு.

தலவாக்கலை வரை ஒன்றாகத்தான் போனோம். அதற்குப் பிறகு ஏற்றம். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது, நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் தலவாக்கலைக்கு இறங்கி மீண்டும் ஏற வேண்டும். என் கூட்டாளி உதைபந்தாட்டக்காரர், கால் பலமுள்ளவர். நான் கல்லாவில் உட்கார்ந்து உடம்பு வைத்தவன். லிந்துலை தாண்டி ஒரு வளைவில் அவருடைய முதுகைக் கண்டேன். அதன் பிறகு காணவில்லை.

மழை பிடித்தது. பாதை சேறானது. ஏற்றத்தில் கியரை மாற்றியபோது செயின் அறுந்தது. என் பையில் பம்ப் இருந்தது, அதை வைத்து என்ன செய்வது? கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொழுந்து மடுவம் வரை போனேன். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என் கோலத்தைப் பார்த்து, "ஐயா, லொறி வர்ற வரைக்கும் உள்ள வந்து நில்லுங்க, மழை விடாது" என்றார். முக்கால் மணித்தியாலத்தின் பின் வந்த கொழுந்து லொறியில் சைக்கிளையும் ஏற்றி ரதல்ல சந்தியில் இறங்கினேன். நானுஓயாக் கடையொன்றில் அவர் மூன்றாவது பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்காகத்தான்டா வேகமாப் போனேன். முன்னுக்குப் போனாத்தானே வெல்லலாம்" என்றார்.

"நான் இல்லாம நீ மட்டும் போய் எப்படிடா வெல்றது?" என்று நான் கத்தினேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கடையில நீ செஞ்சதத்தான் மச்சான் இன்டக்கி நான் ரோட்டுல செஞ்சேன்."

எனக்குப் பதில் வரவில்லை. காரணம், அவர் சொன்னது உண்மை.

அந்த வருடம் மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. விலை ஏறுகின்றதே, இப்போது வாங்கிப் போட்டால் பிறகு லாபம் என்று எண்ணினேன். புறக்கோட்டையில் தகரம், பெயின்ற், குழாய் என்று பின்திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்து வாங்கிக் குவித்தேன். கூட்டாளியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், நேரம் போய்விடும் என்று நினைத்தேன். ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிக் கடன் நெருப்பானது. வீடு கட்டியவர்கள் அரைகுறையாக நிறுத்தினார்கள். சாமான் களஞ்சியத்தில் கிடந்தது, காசோலைத் திகதிகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன. கடன் கொப்பி அவருடைய கையில், காசோலைப் புத்தகம் என் கையில். யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பம்ப் ஒரு பையிலும் ஆயுதம் இன்னொரு பையிலும் இருந்த அதே கதைதான்.

2023ஆம் ஆண்டு பங்கைப் பிரித்தோம். ஊர்ப் பெரியவர்கள் இருவர் இருந்து பேசி முடிக்க எட்டு மாதங்கள் எடுத்தன. அந்த எட்டு மாதமும் நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை.

இதற்குப் பின்னர்தான் தென்னாபிரிக்காவில் 2004ஆம் ஆண்டு முதல் நடைபெறும் 'கேப் எபிக்' போட்டியைப் பற்றி அறிந்தேன். எட்டு நாட்கள், சுமார் 600 முதல் 700 கிலோமீற்றர் மலைப்பாதை. இதில் தனியாகச் சேர முடியாது, இருவர் இருவராகத்தான் ஓட வேண்டும். ஒரு சோடியின் இருவருக்கும் இடையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மீறினால் ஒரு மணித்தியாலம் தண்டமாகச் சேர்க்கப்படும். திரும்பத் திரும்ப மீறினால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். ஒருவர் இடையில் விலகினால் மற்றவர் தொடர்ந்து ஓடலாம், ஆனால் வெற்றிப் பட்டியலில் இடமில்லை. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோப் சவுசர், ஜேர்மனியின் கார்ல் பிளாட் ஆகிய இருவரும் இதனை ஐந்து தடவைகள் வீதம் வென்றவர்கள். அவர்களும் ஒவ்வொரு தடவையும் ஒரு கூட்டாளியுடன்தான் வென்றார்கள்.

உலகத்தின் கெட்டிக்கார ஓட்டக்காரர்களுக்கே அவர்களது நல்ல மனதை நம்பி விடாமல் எழுதிய சட்டம் தேவைப்படுகின்றது. நாம் மட்டும் 'எங்களுக்குள்ளே என்ன எழுத்து' என்று கோடிக்கணக்கில் முதலைப் போடுகின்றோம். எழுதக் கேட்டால் நம்பிக்கையில்லையா என்று கோபிக்கின்றோம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி மார்க்கமே கட்டளையிட்ட ஒரு சமூகத்தில் இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது?

இந்நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கின்றது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலுள்ள கூட்டு வியாபார உடன்படிக்கை எழுத்தில் இருந்து கையொப்பமிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் அதனை வலுவிலாக்க முடியாது. இன்று ஆயிரம் ரூபாவில் ஒரு பெட்டிக்கடையும் போட முடியாது. ஆகவே நம் கூட்டு வியாபாரங்கள் எல்லாமே இதற்குள் அடங்கும். ஆனால் வெளியார் கடன் கேட்டு வழக்குப் போடும்போது, 'எழுத்தில் இல்லை, ஆகவே நான் பங்காளர் இல்லை' என்று தப்பிக்க முடியாது. அதாவது எழுதாதவனுக்குப் பாதுகாப்பு இல்லை, பொறுப்பு மட்டும் உண்டு. வியாபாரப் பெயர்ப் பதிவுப் பத்திரம் சுவரில் தொங்குகின்றதே என்று பலர் நினைக்கின்றார்கள். அது பெயரின் பதிவு. உங்கள் இருவருக்கும் இடையிலான உடன்படிக்கை அல்ல.

எனவே கூட்டு வியாபாரம் செய்வோரும் செய்ய நினைப்போரும் ஒரு சட்டத்தரணியிடமோ நொத்தாரிசிடமோ சென்று சில விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள். யாருடைய முதல் எவ்வளவு, உழைப்பு யாருடையது, லாப நட்டம் எப்படிப் பிரியும் என்பது ஒன்று. ஒருவர் மற்றவரைக் கேட்காமல் எவ்வளவு தொகைக்கு வாங்கலாம், கடன் கொடுக்கலாம் என்பது இரண்டு. அதற்கு மேற்பட்ட காசோலையில் இரண்டு கையொப்பம் என்பது மூன்று. ஒருவர் விலகினால், நோயுற்றால், மரணித்தால் பங்கை எப்படி மதிப்பிடுவது என்பது நான்கு. இவற்றோடு வாரத்தில் ஒரு நாள் கடை மூடிய பின் அரை மணித்தியாலம் இரண்டு புத்தகங்களையும் ஒரே மேசையில் விரித்துப் பாருங்கள். இதுதான் நமது இரண்டு நிமிடம்.

இப்படியெல்லாம் கட்டுப்பட்டால் வேகம் குறையாதா, சந்தர்ப்பம் தவறாதா என்று கேட்பீர்கள். குறையும். சில நல்ல பேரங்கள் கைநழுவும். வேகம் வேண்டுமானால் தனியாகச் செய்யுங்கள், அதில் தவறில்லை. கூட்டுச் சேர்ந்தால், அன்றைக்குப் பலவீனமாக இருப்பவரின் வேகம்தான் கடையின் வேகம். மலையேற்றத்தில் அது நானாக இருந்தேன், கணக்கு வழக்கில் அவராக இருந்தார்.

2024ஆம் ஆண்டு நாங்கள் இருவரும் மீண்டும் அதே போட்டியில் ஓடினோம். இம்முறை இரண்டு நிமிடச் சட்டத்தை நாங்களே வைத்துக்கொண்டோம். ஏற்றத்தில் அவர் நின்று நின்று வந்தார், இறக்கத்தில் நான் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் போனேன். நான்கு சோடிகளில் மூன்றாவதாக நுவரெலியாத் தபாலகத்தின் முன்னால் ஒன்றாகப் போய் நின்றோம். சாப்பாட்டுக் காசு தப்பியது.

கடை திரும்ப வரவில்லை. அது இரண்டாகப் பிரிந்தது பிரிந்ததுதான். ஆனால் கூட்டாளி திரும்பக் கிடைத்தார். எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. உங்கள் கூட்டாளி இன்னும் உங்களோடு ஒரே கல்லாவில் இருக்கின்றார் என்றால், இன்றிரவு கடையை மூடு முன்னர் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வையுங்கள்.