500 ரூபா கேட்டேன், நாலு வீடு போச்சு

12-ந் தேதி காலைல 7 மணிக்கு அபார்ட்மென்ட் கேட்டுல போய் நின்னேன். தினம் சொல்ற மாதிரி என் நம்பரைச் சொன்னேன். வாட்ச்மேன் அண்ணன் போன்ல இருக்கற கேட்டு ஆப்ல அடிச்சுப் பார்த்தாரு. என் போட்டோ வரல. “இன்னொருக்கா அடிங்கண்ணே”ன்னேன். அவரு நிமிந்து என்னைப் பார்க்கல. “பேரை எடுத்துட்டாங்கம்மா”ன்னாரு. எந்த வீட்லண்ணே? “நாலு வீட்லயும்.”

நான் கேட்டது ஒரே வீட்ல. பி பிளாக் மூணாவது மாடி அக்காகிட்ட. 2022-ல அந்த வீட்டுக்குள்ள போறப்ப புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. பெருக்கித் துடைக்க, பாத்திரம் தேய்க்கன்னு 2,500 பேசினோம். அப்புறம் குழந்தை பொறந்துச்சு. குழந்தையைப் பார்த்துக்க மாமியார் ஊர்லேருந்து வந்தாங்க, வந்தவங்க தங்கிட்டாங்க. ரெண்டு தட்டு நாலு தட்டாச்சு. குழந்தைக்குத் தனிக் குக்கர், மாமியாருக்குத் தனிக் கஷாயச் சட்டி. குழந்தை கீழ சிந்தின சோறு காஞ்சுபோனா மாப்புக்கு வராது, உக்காந்து நகத்தால சுரண்டணும். சம்பளம் மட்டும் அதே 2,500. மூணு வருஷம் கழிச்சு, பஸ்ல வர்றப்பல்லாம் மனசுக்குள்ளயே சொல்லிப் பார்த்து, ஒரு நாள் வாயைத் திறந்துட்டேன். “அக்கா, அடுத்த மாசத்துலேருந்து 3,000 குடுங்க.”

500 ரூபா. மாசம் ரெண்டு நாள் லீவு போக 28 நாளுக்கு வகுத்தா, நாளைக்கு 18 ரூபாகூட வரல. ஒரு டீக்காசு.

அக்கா கோவப்படல. “அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்”னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு, அன்னிக்கு அடுப்பு மேடையைக் கூட ரெண்டு தடவை தேய்ச்சு வச்சுட்டு வந்தேன்.

சி பிளாக்ல ஐடி வேலை பார்க்கற ஒரு பொண்ணு தனியா இருக்கு. நான் அதுக்கு வேலை செய்யல, லிஃப்ட்ல பார்த்தா பேசும், அவ்வளவுதான். கேட்டுல நான் திகைச்சு நிக்கறதைப் பார்த்துட்டு அதுதான் போனை எடுத்துப் படிச்சுக் காட்டுச்சு. ஃப்ளாட்காரங்க குரூப்பு. “மேல்வேலைக்கு இப்ப குடுக்கறதுக்கு மேல யாரும் குடுக்க வேண்டாம். ஒருத்தர் ஏத்தினா எல்லாருக்கும் கஷ்டம். இப்ப விட்டா பழக்கமாயிடும்.” இப்படி ஒருத்தர். “இவளுக்கு இப்பல்லாம் வாய் ஜாஸ்தி”ன்னு இன்னொருத்தர். கீழ 31 பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தாங்க. அந்த 31-ல மூணு விரல் நான் வேலை செய்யற மத்த மூணு வீட்டு விரல்.

ஒண்ணு கேக்குறேன். நீங்க 200 வீட்டுக்காரங்க சேர்ந்து, வேலைக்காரிக்கு இதுதான் ரேட்டுன்னு முடிவு பண்ணா அதுக்குப் பேரு அசோசியேஷன். நாங்க நாலு பொம்பளைங்க வேலை முடிச்சு சர்வீஸ் லிஃப்ட் பக்கத்துல நின்னு, உன் வீட்ல எவ்வளவு, என் வீட்ல எவ்வளவுன்னு பேசிக்கிட்டா “இங்க கூட்டம் போடாதீங்க”ன்னு செக்யூரிட்டியை அனுப்புறீங்க. பேசினா என்ன ஆயிடும்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

எனக்கு வீடு பிடிக்கத் தெரியாம இல்ல. சைதாப்பேட்டையில ஆத்தோரம் இருந்தப்ப நான் வேலை தேடி அலைஞ்சதே கிடையாது. மேற்கு மாம்பலத்துல அஞ்சு வீடு, எல்லாம் நடை தூரம். ஒரு வீட்டு அம்மா இன்னொரு வீட்டு அம்மாகிட்ட சொல்லி, கோயில்ல பார்த்தவங்க கூப்பிட்டுன்னு தானா வந்த வீடுங்க. 2015 டிசம்பர்ல அடையாறு உள்ள வந்துச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் எங்களையும் அங்கேருந்து எடுத்துட்டாங்க. இருபது கிலோமீட்டர் தள்ளி பெரும்பாக்கத்துல, எட்டு மாடிக் கட்டடத்துல, ஆறாவது மாடில ஒரு சாவியைக் கையில குடுத்தாங்க. ஒரு வீடு வந்துச்சு, அஞ்சு வீடு போச்சு. மாம்பலத்துக்கு ரெண்டு மாசம் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். 6 மணிக்கு வர்றவ 8 மணிக்கு வந்தா யாரு வச்சுப்பா? அவங்களைத் தப்புச் சொல்ல மாட்டேன், காபி டபரா எத்தனை நேரம் சிங்க்குல கெடக்கும்.

அப்புறம் இந்த ஓஎம்ஆர் பக்கம் வாசல் வாசலா ஏறினேன். முதல் கேள்வி வேலை தெரியுமான்னு இல்ல. “எங்க இருக்கே?” பெரும்பாக்கம்னு சொன்னதும் மூஞ்சி மாறும். “போர்டு வீடா?” அவ்வளவுதான், சொல்லி அனுப்புறோம்னு கதவு சாத்திக்கும். எங்களை மாதிரியே கொண்டு வந்து வச்ச கண்ணகி நகர்க்காரிங்களுக்கும் இதே கதைதான். வெவரம் தெரிஞ்சவ ஒருத்தி, “சோழிங்கநல்லூர்னு சொல்லுடி”ன்னா. சொன்னேன். ஆதார் ஜெராக்ஸ் கேட்டாங்க, அதுல பெரும்பாக்கம்னு இருந்துச்சு. பொய்க்காரின்னு அனுப்புனாங்க. கவர்மென்ட்டே கொண்டு வந்து வச்ச இடம், அதைச் சொன்னா திருடி, சொல்லாட்டிப் பொய்க்காரி.

கடைசியில வீடு பிடிச்சுக் குடுத்தது இஸ்திரி வண்டி அண்ணன். காசு வாங்கல. எந்த வீட்ல புதுசா குடி வர்றாங்க, எந்த வீட்ல ஆளு நின்னுபோச்சு, எல்லாம் அவருக்கு முதல்ல தெரியும். வாட்ச்மேன்ல சிலபேரு வீட்டுக்கு 500 கேப்பாங்க. ஏஜென்ஸின்னு போர்டு மாட்டியிருக்கறவங்க ஒரு மாசச் சம்பளத்தையே புடிச்சுக்குவாங்க.

இங்க ஒண்ணு சொல்லியாகணும், மறைச்சா சாப்பிடற சோறு செரிக்காது. அப்ப ஒரு வீட்ல ஏற்கெனவே ஒருத்தி 1,800-க்கு செஞ்சிட்டிருந்தா. நான் 1,200 போதும்னேன். மறுநாளே அவளை நிறுத்திட்டு என்னை வச்சாங்க. அவளை அப்புறம் பஸ் ஸ்டாப்புல பார்த்தேன், கையில சின்னப் புள்ளை. ஒண்ணும் பேசல. இப்ப என் நாலு வீட்டுக்கும் எவளாவது வந்திருப்பா. 2,200 போதும்னு சொல்லியிருப்பா. அவளைத் திட்ட எனக்கு வாய் வரல.

சரி, ரேட்டு. “ஏன் வாய்க்கு வந்ததைக் கேக்குறே?”ன்னு கேக்குறீங்களே, வாய்க்கு வந்ததா அது? டபுள் பெட்ரூமா, ட்ரிபிளான்னு நீங்க சொல்றதை நான் காதுல வாங்கறதே இல்ல. ரூமு பெருசா இருந்தா என்ன, காலியா இருந்தா அஞ்சு நிமிஷம். நான் பார்க்கறது ஆளுங்களை. “ரெண்டே பேருதான், பாத்திரமே விழாது”ன்னுதான் எல்லா வீட்லயும் ஆரம்பிப்பாங்க. கை கழுவுற மாதிரி பாத்ரூம் பக்கம் போய் பிரஷ்ஷை எண்ணுவேன். ரெண்டு பேர் வீட்ல அஞ்சு பிரஷ் இருக்கும். சிங்க்கை ஒரு பார்வை பார்த்தா போதும்: அடிப்பிடிச்ச பால் குண்டா, மாவு காஞ்ச கிரைண்டர் கல்லு, நேத்து ராத்திரி மீன் வறுத்த கல்லு. நாய் இருந்தா சோபா அடியில முடி உருண்டு கெடக்கும், பெருக்க இன்னொரு கால் மணி. பால்கனி ரோட்டுப் பக்கமா, மெட்ரோ வேலை நடக்கற பக்கமா? அந்தப் பக்கம்னா ரெண்டு தண்ணி மாத்தித் துடைக்கணும். பாத்ரூம் எத்தனை? பாத்ரூமுக்குத் தனியாத்தான் கேப்பேன், ஆசிட் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகுது. சனி ஞாயிறு விருந்தாளி வருவாங்களா? போகிக்கு ஃபேன், பரண் துடைக்கறது பேச்சுல சேர்த்தியா, இல்லையா? இத்தனையையும் அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள கணக்குப் போட்டுத்தான் ஒரு தொகை சொல்றேன். உங்க ஆபீஸ்ல இதையே ஒருத்தர் பண்ணா கோட்டேஷன். நான் பண்ணா திமிரு.

அதுலயும் முதல்ல தொகையைச் சொல்லக் கூடாதுன்னு எனக்கு ஒரு வயசான அக்கா சொல்லிக் குடுத்திருக்கா. அவங்களே சொல்லட்டும்னு நிக்கணும். அவங்களும் சொல்ல மாட்டாங்க. “பழைய ஆளுக்கு 2,000தான் குடுத்தோம்”பாங்க. அந்தப் பழைய ஆளு ஏன் நின்னான்னு நான் கேக்கக் கூடாது.

என் பொண்ணு பிளஸ் டூ படிக்குது. ஒரு நாள் நோட்டுல கணக்குப் போட்டுச்சு. நாலு வீட்டுக்கும் சேர்த்து மாசம் 12,000. தினம் ஏழு மணி நேர வேலை, 28 நாள். மணிக்கு 61 ரூபா. “நீ காலைல 6 மணிக்குப் போயி சாயங்காலம் 4 மணிக்குத்தானம்மா வர்றே, அதைச் சேர்க்க வேணாமா?”ன்னு திருப்பிப் போட்டுச்சு. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவுல அவங்க எழுந்திருக்கற வரைக்கும் படிக்கட்டுல உக்காந்திருக்கறது, பஸ்ஸுக்கு நிக்கறது, எல்லாம் சேர்த்து பத்து மணி நேரம். மணிக்கு 43 ரூபா வந்துச்சு. புள்ளை அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடுச்சு. பஸ்ஸு ஃப்ரீங்கறதால இதுவாவது நிக்குது.

ஏ பிளாக்ல ரிட்டயர்டு ஆபீஸர் சார் ஒருத்தர் இருக்காரு, என் நாலு வீட்ல ஒண்ணு. அவரு ஒரு பேப்பரை எடுத்து வந்து காட்டினாரு. வீட்டு வேலைக்கு கவர்மென்ட்டு 2018-ல குறைஞ்சபட்சக் கூலி போட்டிருக்கு, மணிக்கு 37 ரூபா. “நான் அதைவிட ஜாஸ்திதாம்மா குடுக்கறேன்”ன்னாரு. எனக்கு அப்ப பதில் வரல. எங்க வீட்டு வேலைக்காரங்க சங்கத்து அக்காகிட்ட கேட்டேன். அவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. குறைஞ்சபட்சம்னா அதுக்குக் கீழ போகாதேன்னு போட்ட கோடு. அதுக்கு மேல போகாதேன்னு அவரு படிக்கறாரு. எங்களைக் காப்பாத்தப் போட்ட கைப்பிடிச் சுவரை எங்க தலைக்கு மேல கூரையா வச்சுட்டாரு. அவரோட பென்ஷனை 2018-லயே நிறுத்தி வச்சா ஒத்துப்பாரா?

2007-ல எங்களுக்குன்னு நலவாரியம் வந்துச்சு. அட்டை என்கிட்டயும் இருக்கு, பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா. 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றமே, வீட்டு வேலைக்காரங்களுக்குத் தனிச் சட்டம் வேணுமான்னு பார்க்கக் குழு போடுங்கன்னு சொன்னதா சங்கத்துல வாசிச்சாங்க. வாசிக்கறப்ப கை தட்டினோம். ஆனா 12-ந் தேதி கேட்டுல நின்னப்ப அட்டையும் தீர்ப்பும் எனக்கு அந்தக் கதவைத் திறக்கல.

அந்த ஆப்ல எனக்கு ஸ்டார் போடுறீங்க. நேரத்துக்கு வர்றாளா, சுத்தமா செய்யறாளா, நம்பிக்கையானவளா. போடுங்க. எங்களுக்கும் அப்படி ஒண்ணு இருந்தா நான் எழுதுவேன்: இந்த வீட்ல ஊருக்குப் போறப்ப மூணு நாள் பாத்திரத்தை அப்படியே போட்டுட்டுப் போவாங்க. இந்த வீட்ல சம்பளம் 10-ந் தேதிக்கு மேலதான். இந்த வீட்ல காபி வரும், டம்ளர் வேற. இந்த வீட்ல பாத்ரூமைக் கழுவலாம், உபயோகிக்கக் கூடாது. அது எழுத எனக்கு இடமில்ல. எனக்கு வயசு 44, அந்த மூணாவது மாடி அக்காவுக்கு 32 இருக்கும். அவங்களை நான் அக்கா, வாங்க, போங்கன்னு கூப்பிடறேன். அவங்க என்னை வா, போ. அதுகூட எனக்கு வருத்தமில்ல, பழகிடுச்சு. பழகிடும்னு நீங்க குரூப்புல போட்டது எங்களைப் பத்தி. உங்களுக்கும்தான் பழகியிருக்கு.

2020-ல ஊரடங்குல கேட்டை மூடினப்ப மூணு மாசம் சும்மா உக்காந்தேன். ஒரு வீடு ஒரு மாசம் பாதிச் சம்பளம் அனுப்புச்சு, மத்த வீடெல்லாம் போன் எடுக்கல. திரும்பிக் கூப்பிட்டப்ப ஓடி வந்தேன். அப்ப நான் ரேட்டு பேசல. வந்து பார்த்தா மூணு மாச அழுக்கு, அதுக்கும் சேர்த்துத் தேய்ச்சேன். அன்னிக்கு “நீ இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு”ன்னு எத்தனை பேரு சொன்னீங்க! கைக்கு 500 ரூபா ஏத்த மனசு வரலையே.

இப்ப நான் மறுபடி உங்க வீட்டுக்கு வர்றேன்னு கேக்கல. நேத்து பக்கத்துத் தெருவுல தனி வீடு ஒண்ணு பார்த்தேன், இஸ்திரி அண்ணன் சொன்னது. மாடியும் சேர்த்துப் பெருக்கணும், அஞ்சு பேரு, ரெண்டு பாத்ரூம். எவ்வளவு கேக்குறேன்னாங்க. தொண்டை வரைக்கும் 4,500 வந்துச்சு. அங்கயும் ஒரு குரூப்பு இருக்குமோ, இந்தம்மா அந்த மூணாவது மாடி அக்காவோட தங்கச்சியோன்னு ஒரு நிமிஷம் கால் நடுங்குச்சு. 4,500ன்னுதான் சொன்னேன். யோசிச்சுச் சொல்றோம்னிருக்காங்க.

என் கணக்கு இன்னொண்ணு பாக்கி இருக்கு. இந்த மாசம் 1-ந் தேதிலேருந்து 11-ந் தேதி வரைக்கும் ஒரு நாள் லீவு போடாம நாலு வீட்லயும் வேலை செஞ்சிருக்கேன். 12,000-ஐ முப்பதால வகுத்து பதினொண்ணால பெருக்குங்க. 4,400 ரூபா. 2,500 வீடு ரெண்டு, 3,000 வீடு ஒண்ணு, 4,000 வீடு ஒண்ணு, யாரு யாரு எவ்வளவுன்னு என் பொண்ணு எழுதி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சீட்டு குடுத்திருக்கு. அதோட, பி பிளாக் மூணாவது மாடி பால்கனியில வேலைக்கு மாட்டுற என் பழைய நைட்டியும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் இருக்கு. டிபன் பாக்ஸ் மூடியில எங்கம்மா பேரு வெட்டியிருக்கும், பார்த்து எடுத்துக் குடுங்க. உள்ள வர விடாட்டி பரவால்ல, கேட்டுல நிக்கறேன்.