பிரசவ விடுதிக்கு ஒரு பந்து கேட்போம்

கொழுந்துக்கூடை சுமந்து தேய்ந்த முதுகோடுதான் நம் பெண்கள் பிரசவ விடுதிக்குப் போகிறார்கள். அங்கே மணிக்கணக்கில் மல்லாந்து படுத்திருந்தால் வலி கூடும். காற்றடைத்த பெரிய ரப்பர் பந்தின் மேல் கால்களை அகற்றி உட்கார்ந்து, இடுப்பை மெல்ல ஆட்டினால் முதுகுவலியும் இடுப்புவலியும் தணியும். பாதம் தரையில் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயரக்கூடாது. வழுக்காமல் பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மருத்துவமாதுவிடம் கேட்ட பிறகே உட்கார வேண்டும்.

வலியின்போது தாய் நிமிர்ந்து நடமாடவும், விரும்பிய துணையை உடன் வைத்துக்கொள்ளவும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. ஒரு பந்துக்கு ஆகும் செலவு சொற்பம். சகோதரிகளே, அடுத்த கிளினிக்கிலேயே இதைக் கேளுங்கள். தோழர்களே, தோட்டக் கமிட்டியின் கோரிக்கைகளில் பந்தையும் துணையையும் சேருங்கள். வலியைப் பொறுத்துக்கொள் என்று சொன்ன காலம் போதும்.